டிவி ரூமை இடித்துப் படிப்பகம் கட்ட அரசுப் பணம் கிடைக்குமா?

முக்கூடல்காரி:
எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வீடு பீடித் தட்டுதான். அம்மாவோடு உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டே குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அமைதியாக உட்கார ஓர் இடம் கிடையாது. ஊராட்சியின் பழைய டிவி ரூம் ஒன்று கம்பி வெளியே தெரிய நிற்கிறது. அதை இடித்துவிட்டுப் படிப்பகம் கட்ட நாலரை லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார். பம்பாயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றரை லட்சம் சேர்த்துவிட்டார்கள். மாமா ஒருவர் கோவிலை ஒட்டி மூன்று சென்ட் தருகிறேன் என்கிறார். ஊராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்ற ஒரே பதில்தான். யாரிடம், எந்தத் திட்டத்தில் மனுக் கொடுப்பது?

பழைய ஓவர்சீயர்:
திட்டத்தை அப்புறம் பார்ப்போம் தாயி, முதலில் இடத்தைச் சொல். டிவி ரூம் நிற்கிற புல எண் என்ன? தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பார்த்தால் புறம்போக்கா, ஊர்ச் சங்கத்தின் பெயரில் பட்டாவா என்று தெரிந்துவிடும். மனுவை எழுதி அலைந்து முடித்த பிறகு இடம் சங்கத்துடையது என்று தெரிந்து, கோப்பு அப்படியே கிடந்து மக்கிப்போனதை என் சர்வீஸில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஊராட்சி இடமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மாமா தருகிற மூன்று சென்ட் வாய் வார்த்தையாக இருந்தால் உதவாது. ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாக வேண்டும். அதிலும் அது கோவில் இடம் இல்லை என்று உறுதி செய்துகொள். சாமி இடத்தில் இந்தப் பணம் இறங்காது.

உன் கையில் மக்கள் பணம் இருப்பதால் ‘நமக்கு நாமே’ திட்டம்தான் பொருந்தும். 1997-ல் வந்தது, நடுவில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரோடு திரும்பியது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்ட வேண்டும், மீதி அரசு. ஊர்ப் பங்கு பாதிக்குக் குறையாமல் இருந்தால் டெண்டர் இல்லாமல் நீங்களே ஆள் வைத்துக் கட்டிக்கொள்ளவும் வழி உண்டு.

ஆனால் கொத்தனார் சொன்ன நாலரையை வைத்துக் கணக்குப் போடாதே. ஒன்றியப் பொறியாளர் போடுவது பொதுப்பணித் துறை விலை விகிதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஆறு லட்சத்தைத் தொட்டால் உங்கள் பங்கு இரண்டு லட்சம், நீங்களே கட்ட வேண்டுமானால் மூன்று. மதிப்பீடு கைக்கு வருமுன் பம்பாய்க்காரர்களிடம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பிறகு மறுபடி கேட்கப் போவது நீதான்.

ஒரு விஷயம் கேட்க விட்டுப்போயிற்று. உங்கள் தெரு முக்கூடல் பேரூராட்சிக்குள்ளா, வெளியே பாப்பாக்குடி ஒன்றியத்து ஊராட்சியா? பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம் போக வேண்டும். ஊராட்சி என்றால் பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். ஊராட்சி என்றுதான் நினைக்கிறேன், அப்படியானால் கிராம சபைத் தீர்மானம் வாங்கிவிடு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளில் அடுத்து எது வருகிறதோ அன்றைக்குப் பீடி சுற்றுகிற பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போ. தீர்மானம் பதிவேட்டில் ஏறிய பிறகே எழுந்து வா. நகலோடு திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடு, ரசீதைப் பத்திரமாக வை. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் புது வேலைக்கு உத்தரவு போட மாட்டார்கள், அதனால் தள்ளிப்போடாதே.

கீழத்தெரு:
அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் எம்எல்ஏ தொகுதி நிதியை விட்டுவிட்டார். வருஷத்துக்கு 3 கோடி இருக்கிறது. அதற்கு ஊர்ப் பணமே வேண்டாமே?

பழைய ஓவர்சீயர்:
வேண்டாம்தான். ஆனால் ஒரு தொகுதியில் எத்தனை ஊர் கை நீட்டுகிறது? கேட்டுப் பார்க்கட்டும், அதை நம்பிப் பம்பாய்ப் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நூலகத்துக்காரன்:
எந்த நிதியானாலும் கட்டிடம் வரும், கரண்ட் பில்லும் சாவியும் யார் கையில்? எங்கள் பக்கத்து ஊரில் திறப்பு விழாவன்று போட்ட பூட்டு துருப்பிடித்துவிட்டது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் போய், கட்டிடத்தை ஊர் கொடுத்தால் பகுதி நேர நூலகம் தருவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

முக்கூடல்காரி:
நாங்கள் ஊராட்சிதான், அண்ணாச்சி. டிவி ரூம் இடம் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிறது, எனக்கே ஆச்சரியம். மாமாவிடம் பத்திரம் பற்றிப் பேசினேன். சம்மதம்தானாம், ஆனால் கட்டிடத்துக்கு அவர் அப்பா பெயரை வைக்க வேண்டுமாம்.

பழைய ஓவர்சீயர்:
அப்படியென்றால் மாமா இடமே வேண்டாம். டிவி ரூம் புல எண்ணைப் போட்டுத் தீர்மானத்தை எழுது. மாமாவிடம் மேசை நாற்காலி கேள், அதில் அவர் அப்பா பெயரை எழுதிக்கொள்ளட்டும்.