ஸ்னோ உருக்கிற பொய்லர் பூட்டின கதை – உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

முரசுமோட்டையான்:

வணக்கம் உறவுகளே. லீவில ஊருக்கு வந்து வீட்டு விறாந்தையில இருந்துதான் இதை எழுதுறன். நேற்று பின்னேரம் அயலில இருக்கிற பெரியப்பா ஒராள் வந்திருந்தவர், கதையோட கதையா நீ கனடாவில என்ன வேலைதான் செய்யிறாய் எண்டு கேட்டார், நானும் வீட்டுக்குச் சூடு குடுக்கிற பொய்லர் பூட்டுறது, பேந்து கார் விடுற ட்ரைவேயில விழுற ஸ்னோவை உருக்கிறதுக்கும் பொய்லர் பூட்டுறது எண்டன். மனுசன் சிரிச்ச சிரிப்பு. "பனிக்கு ஏனடா பொய்லர், எட்டு மணி வெயிலுக்கு அது தன்ர பாட்டில போகுந்தானே" எண்டார். அவருக்குப் பனி எண்டா தைப்பனிதான், விடிய நெற்கதிரில நிக்கிறது. மைனஸ் இருவதில முழங்காலளவு கிடக்கிற சாமானை எப்பிடி விளங்கப்படுத்துறது? ஃபோனில படம் காட்டினன், உப்பளம் மாதிரிக் கிடக்கெண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். அதுதான் இஞ்ச எழுதுவம் எண்டு வந்தனான்.

முதல்ல ஒண்டு. அங்க வீட்டில பூட்டுற பொய்லரில அனேகமா தண்ணி கொதிக்கிறேல்ல. பேர்தான் பொய்லர். எங்கட நெல்லு மில்லில ஸ்ரீம் வரும், அங்க சுடுதண்ணிதான் நிலத்துக்குக் கீழ போட்ட பைப்புக்குள்ளால சுத்தி சுத்தி ஓடும், நிலம் சூடாகி வீடு சூடாகும். ரொறன்ரோப் பக்கம் கன வீடுகளில ஃபர்னஸ்தான், சூடான காத்து அடிக்கிறது, இந்தத் தண்ணி முறை பெரிய வீடுகளிலயும் பழைய வீடுகளிலயும்தான் கூட.

இப்ப கதைக்கு வாறன். ரொறன்ரோவுக்கு வடக்கால ஒரு வீடு, எங்கட மாங்குளம் பக்க ஆக்கள்தான், நான் மாமா எண்டு கூப்பிடுறனான். 3000 சதுர அடி வீடு, ட்ரைவே 1400 சதுர அடி, அதுவும் நல்ல சரிவு, ஸ்னோ விழுந்தா கார் ஏறாது. மாமாவுக்கு நாரிப் பிடிப்பு, சவள் பிடிக்கேலாது. ஆரோ ஒரு கொன்ராக்காரன் வந்து உங்கட பழைய பொய்லரே காணும் மாமா, அதிலயிருந்து ஒரு லைனை இழுத்து ட்ரைவேக்கு விடுவம் எண்டு சொல்லிப் பைப்பைப் புதைச்சுக் கொங்கிறீற்றும் போட்டு முடிச்சிட்டுப் போட்டான். முதல் ஸ்னோ விழுந்த அண்டு ட்ரைவே இருந்த சூடெல்லாத்தையும் குடிச்சுப்போட்டுது. வீட்டுக்குள்ள 13 பாகை, மாமி கம்பளியைச் சுத்திக்கொண்டு குசினியில தேத்தண்ணி வைக்கிறா, வெளியில பாத்தா ஸ்னோவும் அரைகுறையா உருகிச் சேறு மாதிரிக் கிடக்கு. ரெண்டும் இல்லை. வாய்க்கால் தலைப்பில ஒருத்தன் முழுசா மறிச்சுப் பாய்ச்சினா கடைசி வயல் வெடிச்சுக் கிடக்குமே, அதே கதைதான்.

எங்கட முதலாளி வந்து ஒரு கடதாசியில கணக்குப் போட்டுக் காட்டினவர், அண்டைக்குத்தான் எனக்கே இது வடிவா விளங்கினது. சூட்டை அளக்கிறது பி.ரி.யு எண்ட கணக்கில, அந்த வீட்டுக்குச் சதுர அடிக்கு மணித்தியாலத்துக்கு 30 பி.ரி.யு காணும், அப்ப 90,000. ட்ரைவேக்கு அப்பிடியில்ல, திறந்தவெளி, காத்தும் அடிக்கும், ஸ்னோவும் விழுந்துகொண்டிருக்கும், சதுர அடிக்கு 125 வேணும், அப்ப 175,000. வீட்டைவிட வாசலுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! பழைய பொய்லர் குடுக்கிறது மொத்தமா 120,000. எங்கயப்பு காணும்?

இன்னொரு கேடும் நடந்திருந்தது. அது பழைய வார்ப்பிரும்புப் பொய்லர். அதுக்குத் திரும்பி வாற தண்ணி 54 பாகைக்குக் கீழ கனநேரம் இருக்கப்படாது, இருந்தா புகையில இருக்கிற நீராவி உள்ளுக்க வேர்க்கும், அந்த வேர்வை அமிலம், இரும்பைத் தின்னும். ட்ரைவேயால திரும்பி வாறது பச்சைத்தண்ணி மாதிரித்தானே வரும். கழட்டிப் பாத்தா உள்ளுக்க செம்பாட்டு மண் மாதிரிக் கறள் கொட்டுது.

எல்லாரும் நினைக்கிறது அப்ப பெரிய பொய்லராப் பாத்து ஒண்டைப் பூட்டினாச் சரிதானே எண்டு. நானும் அப்பிடித்தான் கேட்டனான். முதலாளி சொன்னார், ஸ்னோ விழுறது வருசத்தில கொஞ்ச நாள்தான், மிச்ச நாளெல்லாம் வீட்டுக்கு மட்டும் அந்தப் பெரிய சாமான் பத்தி நூந்து பத்தி நூந்து கொண்டிருக்கும், அதிலயே கெட்டுப்போகும். ஒருத்தருக்குத் தேத்தண்ணி வைக்கக் கலியாணக் கிடாரம் ஏத்துவியோ எண்டார். அதோட அந்த ஒண்டு நிண்டா மைனஸ் இருவதில வீட்டில எல்லாம் நிண்டிடும்.

அதால மூண்டு சின்னப் பொய்லர், ஒவ்வொண்டும் 110,000, சுவரில தொங்குறது. இதுகள் மற்ற வகை, தண்ணி குளிரா வந்தாத்தான் சந்தோசம், புகையில இருக்கிற சூட்டையும் பிடிச்செடுக்கும், நூற்றுக்கு 95 வரைக்கும் சூடு வீண் போகாது. வேர்வைத் தண்ணி வெளியால போறதுக்குத் தனிக் குழாய் வைக்கோணும், அந்த அமிலத்தை முறிக்கிறதுக்குக் கல்லுப் போட்ட ஒரு சின்னக் குடுவையும் வைக்கோணும். ஒவ்வொண்டும் பத்திலொண்டு வரைக்கும் குறைஞ்சு எரியும். ஐப்பசியில குளிர் துடங்கேக்க ஒண்டு மட்டும் மெல்லமா எரியும், மார்கழி தையில அது நல்லா எரியும், ஸ்னோ அண்டைக்கு மூண்டும். ஆர் முதல்ல எரியிறது எண்டு முறை மாத்தி மாத்தி விடுறதுக்கு ஒரு கொன்ரோலர் இருக்கு. வீட்டுக்குத்தான் முதல் உரிமை, வீடு கேட்டா ட்ரைவே பம்ப் நிண்டு பாத்துக்கொண்டிருக்கும். குளத்துத் தண்ணிக்கு முறை வைச்சு விடுற எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

பொய்லர் தண்ணியும் ட்ரைவேத் தண்ணியும் ஒண்டோடொண்டு கலக்காது. நடுவில ஒரு தட்டு எக்ஸ்சேஞ்சர், தகட்டுக்குள்ளால சூடு மட்டும்தான் அங்கால போகும், அங்கால பக்கம் கிளைக்கோல் கலந்த தண்ணி. உறையக்கூடாதெல்லோ. காருக்கு விடுற கிளைக்கோல் நஞ்சு, அது கூடாது, புரோப்பிலீன் கிளைக்கோல்தான். அது தடிப்பு, அதால பம்பும் கொஞ்சம் பெரிசா வேணும்.

நான் விட்ட பிழையையும் சொல்லத்தானே வேணும். ட்ரைவேப் பைப்பைப் பிரஷர் ரெஸ்ற் பண்ணேக்க காத்து விட்டுப் பாக்கச் சொன்னவை, நான் அவசரத்தில பச்சைத்தண்ணி விட்டுப் பாத்துப்போட்டு வீட்டை போட்டன். கார்த்திகை மாதம், இரவு மைனஸ் 9. விடிய வந்து பாத்தா பைப்பைப் பொருத்துற பித்தளை மூட்டு ரெண்டு வெடிச்சுக் கிடக்கு. பைப் நெகிழும் அதால தப்பீட்டுது. முதலாளி பேசேல்ல, பேசியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

பேந்து எல்லாம் முடிச்சு முதல் ஸ்னோ. ட்ரைவே கறுப்பா ஈரமா ஆவி பறக்க வடிவாக் கிடக்கு, மாமா வாசல்ல நிண்டு வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புறார். உருகின தண்ணி எங்க போச்சுது? சரிவால ஓடி றோட்டுக்கரையில, பைப் இல்லாத இடத்தில போய்க் கண்ணாடியா உறைஞ்சு கிடந்தது. நான்தான் முதல்ல விழுந்தனான், சாமான் பையோட. பேந்து அடியில குறுக்கால கான் வெட்டி, கானுக்குக் கீழயும் ஒரு சுத்துப் பைப் ஓட்டித்தான் சரிவந்தது. பொய்லருக்கு மண்டையைக் குடுத்து இருந்து தண்ணி ஓடுற வழியை மறந்தாச்சு, வயல்காரன்ர பிள்ளை!

வேற ஆரும் இப்பிடிப் பொய்லரோட மாரடிச்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ.

ஓமந்தை மில்காரன்:

தம்பி வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சன். எங்களுக்கு ஸ்னோ இல்லை, நெல்லு அவிக்கிற பொய்லர்தான், உமி போட்டு எரிக்கிறது. ஆனா நீர் சொன்ன அந்த ஒண்டு நிண்டா எல்லாம் நிண்டிடும் எண்ட கதை இருக்கே, அதில நான் பட்டது கொஞ்ச நஞ்சமில்ல. ஒருக்கா காலபோக நெல்லு வந்து குவிஞ்சு கிடக்கேக்க ரியூப் ஒண்டு ஓட்டையாப் போச்சுது. தொட்டியில ஊறப்போட்ட நெல்லு ஊறிக்கொண்டுதானே இருக்கும், அதுக்குப் பொய்லர் உடைஞ்சது தெரியுமே. ரெண்டாம் நாள் மணக்கத் துடங்கீட்டுது, அந்த அரிசியை ஒருத்தரும் தொடேல்ல, கோழித் தீனுக்குத்தான் போனது.

ஓட்டை விழுந்ததுக்குக் காரணம் கிணத்துத் தண்ணி. எங்கட பக்கத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, கேத்திலடியைப் பாத்தாலே தெரியும், ரியூபில அது கல்லாப் பிடிச்சா சூடு தண்ணிக்குப் போகாது, இரும்புதான் வேகும். அதுக்குப் பிறகுதான் பழைய சாமானா ஒரு சின்னப் பொய்லர் வாங்கிப் பக்கத்தில வைச்சனான். சின்னதுதான், பாதி நெல்லுத்தான் அவியும், ஆனா நெல்லு மணக்காது. உங்க தண்ணிக்கு என்ன செய்யிறனீங்கள்?

முரசுமோட்டையான்:

அண்ணை, அங்க அது மூடின சுத்து, ஒருக்கா நிரப்பினா அதே தண்ணிதான் வருசக்கணக்கா ஓடும், அதால கல்லுப் பிடிக்கிறது குறைவு. உங்களுக்கு ஸ்ரீம் நெல்லுக்குள்ள போய் வெளியால போயிடும், நாள்முழுக்கப் புதுத்தண்ணி விடோணும், புதுத்தண்ணியோட சுண்ணாம்பும் வரும். எங்களுக்குக் கிளைக்கோல்தான் தலையிடி, அது பழுதானா புளிச்சு அமிலமாகும், வருசத்துக்கொருக்கா சோதிச்சுப் பாக்கோணும். கலக்கிறதுக்கும் பைப் தண்ணி விடாம காய்ச்சி வடிச்ச தண்ணிதான் விடுறனாங்கள்.

மல்லாவி அக்கா:

நான் எட்மன்ரனில 12 வருசம். என்ர மனுசனுக்கும் இந்த ஆசை வந்தது, நான்தான் மறிச்சனான். காஸ் பில் எவ்வளவு வரும் எண்டதைத் தம்பி எழுதேல்லப் பாருங்கோ! எல்லாரும் வீடியோதான் போடுவினம், பில்லை ஒருத்தரும் போடமாட்டினம். எங்களுக்கு ஒரு சவளும் ரெண்டு பெடியங்களும் இருக்கினம், காணும். பக்கத்து வீட்டுச் சீனாக்காரர் பூட்டியிருக்கினம், ஸ்னோ துடங்கினாப் பிறகு சுவிச் போட்டா மத்தியானம்தான் கொங்கிறீற் சூடாகும், அதுக்குள்ள நாங்கள் தள்ளி முடிச்சு வேலைக்கும் போயிடுவம்.

முரசுமோட்டையான்:

அக்கா, பிடிச்சிட்டீங்கள். கணக்கை மறைக்கேல்ல, இந்தாங்கோ. மாமாவின்ர ட்ரைவே முழு வேகத்தில பத்து மணித்தியாலம் ஓடினா 50 கனமீற்றருக்கு மேல காஸ் போகும், அதை உங்கட பில்லில இருக்கிற விலையால பெருக்கிப் பாருங்கோ. காஸ் மீற்றரே காணாம வந்து பெரிய மீற்றர் மாத்தினவை. அதைப் பொய்லர் வாங்க முதல் பாக்கோணும், கன பேர் வாங்கிப்போட்டுத்தான் பாக்கிறவை.

பக்கத்து வீட்டுக்காரரின்ர பிழை சென்சர் இல்லாதது. கொங்கிறீற்றுக்குள்ள ஒரு சென்சர் புதைக்கிறது, ஈரமும் குளிரும் ரெண்டும் சேந்து வந்தா அது தானாப் போடும், ஸ்னோக் காலத்தில நிலத்தை உறைநிலைக்குக் கிட்ட கொஞ்சம் சூடாவே வைச்சிருக்கவும் விடலாம். அதுக்கும் காஸ்தான், மறுக்கேல்ல. கொங்கிறீற்றுக்குக் கீழ ரெண்டு அங்குல ஃபோம் சீற் போட்டிருக்கினமோ எண்டும் கேட்டுப்பாருங்கோ, போடேல்லையெண்டா சூட்டில ஒரு பங்கு மண்ணுக்குத்தான். உண்மையைச் சொன்னா சரிவில்லாத சின்ன ட்ரைவேக்கு ரெண்டு பெடியங்கள்தான் சரி.

புதுக்குடியிருப்பு – ஒஸ்லோ:

இஞ்ச நோர்வேயில வீட்டுக்குக் கூடுதலா கறன்ற் ஹீற்றர்தான், ட்ரைவேக்கும் கறன்ற் வயர் புதைக்கிறவை, கிளைக்கோலும் இல்லை பம்பும் இல்லை. பில் பாத்தா நெஞ்சு வலிக்கும் அது வேற கதை. போன வருசம் ஐஸ்லாந்துக்குப் போனனான், றெய்க்யவிக்கில நிலத்துக்குள்ளால வாற சுடுதண்ணி முதல்ல வீட்டைச் சூடாக்கிப்போட்டு 35 பாகையளவில வெளியால வருமாம், அந்தக் கழிவுத் தண்ணியைத்தான் நடைபாதைக்குக் கீழ விடுகினம். நாங்கள் ஸ்னோவுக்குள்ள நடந்து வந்து அந்த றோட்டில காலை வைச்சா ஈரம் மட்டும்தான். குளிச்ச தண்ணியை வாழைக்கு விடுற மாதிரி எண்டு மனுசிக்குச் சொன்னன்.

கிளிநொச்சிப் பெடியன்:

அண்ணா நான் அறிவியல் நகரில இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில படிக்கிறன். கனடாவுக்கு வந்தா உடன இந்த வேலை செய்யலாமோ? இஞ்ச பொய்லரைக் கண்ணாலயும் காணேல்ல.

முரசுமோட்டையான்:

தம்பி, உடன ஏலாது, காஸ் லைனில சும்மா கை வைக்கேலாது. ஒன்ராறியோவில அதுக்கு லைசென்ஸ் வேணும், ஜி3 முதல், அதோட மேல ஒராளின்ர மேற்பார்வையிலதான் வேலை, பேந்து ஜி2 எடுத்தாத்தான் தனியச் செய்யலாம், அதுவும் 400,000 பி.ரி.யு வரைக்கும்தான். பொய்லரைக் காணேல்ல எண்டு கவலைப்படாதையும், ஓமந்தை அண்ணையிட்ட ஒருக்காப் போய் நிண்டு பாரும், பிரஷர் கேஜையும் சேஃப்ரி வால்வையும் மதிக்கப் பழகினா அரைவாசி படிச்ச மாதிரி. ஸ்ரீம் விளையாட்டில்லை.

முரசுமோட்டையான்:

உறவுகளே, இதை எழுதிப்போட்டுப் படுத்தனான், இரவு ரெண்டு மணிக்கு ஃபோன். மாங்குளம் மாமா. அங்க பின்னேரம் மூண்டரை, ஸ்னோ கொட்டுதாம். "தம்பி ரெண்டாவது பொய்லரில சிவப்பு லைற் எரியுது, ஏதோ நம்பர் காட்டுது" எண்டார். நம்பரை வாசிக்கச் சொன்னன், வேர்வைத் தண்ணிக் குழாய் அடைச்சிட்டுது. மற்ற ரெண்டும் ஓடுதோ எண்டு கேட்டன், ஓடுதாம். வீடு? வீடு நல்ல சூடாம், மாமி அப்பம் சுடுறாவாம், ட்ரைவேதான் ஓரத்தில கொஞ்சம் வெள்ளையாக் கிடக்காம்.

அப்ப காலமை கதைப்பம் மாமா எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் படுத்திட்டன்.