வீட்டுலயே ரெக்கார்டிங் ரூம் போட்டவங்க, உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். மதுரை, மொட்டை மாடி ரூம், பத்துக்குப் பத்து. எங்கம்மா பாடுற தாலாட்டையெல்லாம் பதிவு பண்ணி வைக்கணும்னுதான் இறங்குனேன், அவங்களுக்கு 68 வயசு, மாமன் சீரு, வெள்ளிக் கிண்ணின்னு பாட்டு போய்க்கிட்டே இருக்கும், போன்ல எடுத்தா ஃபேன் சத்தம்தான் முன்னாடி வருது. கையில 15,000 ரூபா இருந்துச்சு, அதுல பாதிக்கு மேல ஒரு கண்டன்சர் மைக்குக்கே (சின்னச் சத்தத்தையும் இழுத்து வாங்குற வகை) போட்டேன். மிச்சத்துல ரெண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் (மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கிற பொட்டி), செகண்ட் ஹேண்ட்ல.

போட்டுக் கேட்டா தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்து பாடுன மாதிரி இருக்கு. டைல்ஸ் தரை, நாலு பக்கமும் மொட்டைச் சுவரு, மைக் நல்ல மைக்குங்கறதாலயே அத்தனை எதிரொலியையும், கீழ்வீட்டு குக்கர் விசிலையும் சேத்து வாங்கிருச்சு. முட்டை அட்டை ஒட்டுங்கன்னு சொன்னாங்க, ரெண்டு சுவரு முழுக்க ஒட்டுனேன். தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க. கீச்சு சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், வெளிய போற ஆட்டோ அப்படியே கேக்கும், "கும்"முனு அடிக்கிறதும் போகாது. அந்த கும் ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு, பத்தடி சுவருக்கு நடுவுல சுமார் 56 ஹெர்ட்ஸும் அதுக்கு டபுளா 112-ம் தேங்கி நிக்கும், நீளம் அகலம் உயரம் மூணும் ஒண்ணா இருந்தா ஒரே இடத்துல மூணு மடங்கா குவியுது.

கடைசில ஏசி டக்ட்டுக்கு வைக்கிற ராக்வூல் (கல்லுல செஞ்ச பஞ்சு மாதிரி நார்) ரெண்டு இஞ்சு ஷீட் வாங்கி, ஆசாரிகிட்ட நாலடிக்கு ரெண்டடி சட்டம் அடிச்சு, காட்டன் துணி போத்தி மூலைகள்லயும் அம்மாவுக்குப் பின்னாடியும் வச்சேன் (கையுறை, மாஸ்க் இல்லாம தொடாதீங்க, அரிச்சுத் தள்ளிரும்). மைக் முன்பக்கம்தான கேக்கும், அதனால பாடுறவங்களுக்குப் பின்னாடி இருக்குற சுவருதான் முக்கியம். கீழ ஜமுக்காளம். இதுக்கு ஆன 6,000 ரூபாய முதல்லயே செலவழிச்சிருந்தா அந்த மைக்கே தேவைப்பட்டிருக்காது, இப்ப பாதி பாட்டு ஃப்ரெண்டோட எஸ்எம்58 (மேடைல பாடுறவங்க கையில பிடிக்கிற மைக்) வச்சுதான் எடுக்குறேன், வாய்க்குப் பக்கத்துல வச்சா தெருச்சத்தம் அடங்கிருது.

---

அண்ணே உங்களுக்கு ரூம், எனக்கு கரண்ட்டு. திருப்பூர்ல வாடகை வீடு. ஹெட்போன்ல எப்பவும் "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல், கேபிள் மாத்துனேன், இன்டர்ஃபேஸே மாத்தலாம்னு இருந்தேன், ஒருநாள் கரண்ட் போயி லேப்டாப் பேட்டரில ஓடுறப்ப சுத்தமா நின்னுருச்சு. எலக்ட்ரீசியன கூப்ட்டு பாத்தா ப்ளக்ல மூணு ஓட்டை இருக்கு, எர்த் வயர் கனெக்‌ஷனே குடுக்கல. ஷாக் அடிக்காம இருந்ததே பெரிய விஷயம். எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு பாத்துருங்க.

---

நான் மிருதங்கம் வாசிக்கிறவன், வலந்தலைக்கு ஒண்ணு இடந்தலைக்கு ஒண்ணுன்னு ரெண்டு மைக் வச்சு எடுக்குறேன். தட்டுனா ஹெட்போன் வழியா கொஞ்சம் லேட்டா காதுல விழும், தாளமே பிசகும். பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து வச்சு அனுப்புற சத்தத்தோட அளவு) 1024 சாம்பிள்ல இருந்துச்சு, 48 கிலோஹெர்ட்ஸ்ல அதுவே 21 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்குனதும் 3 மில்லிசெகண்டுக்குள்ள வந்துருச்சு, எடுத்து முடிச்சு மிக்ஸிங் பண்றப்ப திரும்ப ஏத்திக்குவேன், இல்லன்னா பழைய லேப்டாப் திணறும். இன்னொண்ணு, லெவல ஏத்தி வைக்காதீங்க, 24 பிட்ல எடுக்குறப்ப உச்சமே மைனஸ் 12 டெசிபல்ல நின்னா போதும், ஒரு "தோம்" மீட்டர்ல சிவப்ப தொட்டாலும் அந்த டேக் போச்சு.

அம்மா பாட்டு எந்த நேரத்துல எடுக்குறீங்க அண்ணே?

---

காலைல நாலரைக்கு, ஃபேன நிறுத்திட்டு. மார்கழில கோயில் ஸ்பீக்கர் போடுறதுக்குள்ள முடிக்கணும். ஹெட்போன் மாட்டுனா அவங்களுக்கு பாட வரல, அதனால மாட்டுறதில்ல, பேத்திய மடில போட்டுக்கிட்டாங்கன்னா வரி தானா வருது, புள்ள சிணுங்குறதும் சேந்துதான் பதிவாகும், அத நான் வெட்டுறதில்ல. இதுவரைக்கும் 17 பாட்டு ஆச்சு. மூணாவது பாட்டுல அத்தை வரிய விட்டுட்டேன், திரும்ப எடுன்னு நேத்து சொல்லிருக்காங்க.