டயர்களை இடம் மாற்றிய பின் எழும் இரைச்சல்: காரணம் அறிய உதவி தேவை

முன்சக்கர இயக்கம் கொண்ட என் சிறிய காரில், அண்மையில் டயர்களை இடம் மாற்றியதிலிருந்து, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் முன்பக்கத்தில் ஓர் இரைச்சல் எழுந்து, வேகம் கூடக் கூட வலுக்கிறது. டயர் அளவு 185/65 ஆர்15. சுழல்திசைக் குறி இல்லாத வகை. ஏறத்தாழ 25,000 கிலோமீட்டர் ஓடியுள்ளன. ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் முன்டயர்களை நேராகப் பின்னுக்கும், பின்டயர்களைக் குறுக்காக முன்னுக்கும் மாற்றி வருகிறேன்.

இதுவரை பின்னால் ஓடி இப்போது முன்னே வந்துள்ள இரு டயர்களிலும் உள்விளிம்பு மட்டும் அதிகம் தேய்ந்துள்ளது. நடுவிலும் வெளிவிளிம்பிலும் 5 மி.மீ. ஆழமுள்ள பள்ளங்கள் அங்கே 3 மி.மீ. அளவுக்குக் குறைந்திருப்பதோடு, கையால் தடவினால் ரம்பப் பல்லைப் போல் மேடும் தாழ்வுமாக உறுத்துகின்றன. 1.6 மி.மீ. தேய்மானக் குறியை எட்டவில்லை என்றாலும், ஈரச் சாலையில் பிடிமானம் குறையுமே என்பதுதான் என் பெரிய கவலை.

டயர்கள் குளிர்ந்திருந்தபோது காற்றழுத்தத்தைக் கதவோரக் குறிப்பின்படி சரிசெய்தேன். வீல் பேலன்சிங் மீண்டும் செய்யப்பட்டது; முன்சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) வரம்புக்குள்தான் இருக்கிறது. அந்த இரு டயர்களையும் திரும்பப் பின்னால் மாட்டியபோது இரைச்சலும் பின்னுக்கே சென்றதால், பேரிங் மீதான ஐயத்தை விட்டுவிட்டேன். பின் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு தென்படவில்லை. பின் அச்சு டார்ஷன் பீம் வகை, அதாவது இரு பின்சக்கரங்களையும் முறுக்கிக் கொடுக்கும் ஒரே உத்தரம் இணைக்கிறது. அதில் திருத்துவதற்கு வழியில்லை என்று சொல்லி, பணிமனையில் பின்சக்கரக் கோணங்களை அளக்கவே இல்லை.

புதிய டயர்கள் வாங்கும் முன், அச்சின் வளைவு, அதன் புஷ்களின் (அச்சை வண்டியுடன் இணைக்கும் ரப்பர் உறைகளின்) தேய்வு, ஷாக் அப்சார்பரின் தளர்வு ஆகியவற்றுள் எதை முதலில், எவ்வாறு சோதிக்க வேண்டும்?