வட்டார வலியா, புலவலியா?

காயம்பட்ட கையிலோ காலிலோ காயத்துக்குப் பொருந்தாத அளவில் வலி நீடிக்கும் நோய் 'காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்'. இப்பெயருக்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள 'சிக்கலான வட்டார வலி நோய்த்தொகை' என்பதில் 'நோய்த்தொகை'யை முழுமனத்தோடு ஏற்கிறேன். 'வட்டார' என்பதை ஏற்க இயலவில்லை. வட்டாரம் என்றதும் பேச்சுவழக்கும் சமையலும் நினைவுக்கு வருமேயன்றி மணிக்கட்டு வராது.

இந்நோயின் பெயரில் 'ரீஜனல்' என்று இடம் நுழைந்ததற்குக் காரணம் உண்டு. வலி ஒரு நரம்புக்குரிய எல்லைக்குள் நில்லாமல், கையுறை மாட்டியதுபோலக் கை முழுவதும் பரவுகிறது. என் அக்காவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே காட்டிய பிறகும், முந்தானை நுனி புறங்கையில் பட்டாலே கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அந்தக் கை மட்டும் சிவந்து பளபளத்து, மற்றதைவிடச் சூடாக இருந்தது. ஒரு மருத்துவர் இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் நோய் பிடிபட்டது.

இதை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை கிடையாது. 2003இல் புடாபெஸ்டில் கூடிய வல்லுநர்களின் அளவுகோலின்படி, காயத்துக்குப் பொருந்தாத அளவில் வலி நீடிக்க வேண்டும். உணர்வு, நிறமும் வெப்பமும், வியர்வையும் வீக்கமும், அசைவும் தோல்-நகம்-முடி மாற்றமும் ஆகிய நான்கு பிரிவுகளில் மூன்றிலேனும் நோயாளி ஒரு குறையாவது சொல்ல வேண்டும். இரண்டிலேனும் மருத்துவர் ஓர் அடையாளத்தையாவது பரிசோதித்துக் காண வேண்டும். வேறு நோயால் இவற்றை இதைவிட நன்றாக விளக்க முடியாதிருக்க வேண்டும். 'காம்ப்ளெக்ஸ்' என்பது இந்தப் பன்மையைத்தான் குறிக்கிறது. 'சிக்கலான' என்று எழுதினால், ஏற்கெனவே அஞ்சியிருக்கும் நோயாளி 'தீராதது' என்று பொருள்கொள்வார். 'பல்கூற்று' என்பதே பொருந்தும்.

'ரீஜனல்' சுட்டும் இடத்துக்குப் 'புலம்' என்பேன். நிலப்பகுதியையும் ஐம்புல உணர்வையும் ஒருசேரச் சுட்டும் சொல் நம்மிடமே இருக்கிறது. தொடுபுலனே தடம்மாறும் நோய்க்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தோன்றவில்லை. 'உறுப்புவலி' என்றால் இதயம், சிறுநீரகம் என்று எண்ணம் ஓடும். ஆகவே 'பல்கூற்றுப் புலவலி நோய்த்தொகை' என்பதை முன்வைக்கிறேன்.

காரணத்தைப் பெயரில் ஏற்றவும் வேண்டாம். இரத்த ஓட்டம், வியர்வை போன்றவற்றைத் தானாக இயக்கும் பரிவு நரம்புகளைக் குற்றஞ்சாட்டிய 'ரிஃப்ளெக்ஸ் சிம்பதெடிக் டிஸ்ட்ரஃபி' என்ற பழைய பெயர், எல்லா நோயாளிகளிடமும் அக்காரணம் மெய்ப்படாததால்தான் 1994இன் வகைப்பாட்டில் கைவிடப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட நரம்புகளை ஆராய்ந்த மருத்துவர் வியர் மிட்செல் வழங்கிய 'காசால்ஜியா'வை மட்டும், இந்நோயில் நரம்புக்காயம் உறுதியான இரண்டாம் வகையின் பழம்பெயராக, 'எரிவலி' என்று வைத்துக்கொள்ளலாம்.