டெக்சாஸில் சாப்டர் 7 (சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் அமெரிக்கத் திவால் மனு) போட்டால் வீடு, நகை, ஊர் நிலம் எதெல்லாம் தப்பும்?

பிளேனோவாசி:
நியூஜெர்சியிலிருந்து டெக்சாஸ் வந்து 27 மாதம். வந்த கையோடு வீடு வாங்கினோம். மார்ட்கேஜ் போக எங்கள் பங்கு சுமார் 1,20,000 டாலர். கார்டு, பெர்சனல் லோன் சேர்த்து 85,000 கடன். வேலை போய்விட்டதால் திவால் மனு போடப்போகிறேன், மனைவி சேரவில்லை. செக்கிங் கணக்கில் 14,000, இரண்டு கார், 401கே (வேலை வழி ஓய்வூதியச் சேமிப்பு), மனைவியின் நகை, தஞ்சாவூர்ப் பக்கம் என் பெயரில் ஒரு ஏக்கர் நிலம். நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு ஃபைல் பண்ணலாமா?

நாள்கணக்கு:
டெக்சாஸ் சட்டத்தின் விலக்கு (கடனுக்காக எடுக்க முடியாத சொத்து) கிடைக்க, ஃபைல் பண்ணுவதற்கு முந்தைய 730 நாளும் டெக்சாஸிலேயே குடியிருந்திருக்க வேண்டும். தாண்டிவிட்டீர்கள். இல்லையென்றால் நியூஜெர்சிச் சட்டத்தைப் பார்த்திருப்பார்கள்.

டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கு உச்சவரம்பே இல்லை என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. நகருக்குள் 10 ஏக்கர் வரை மதிப்பு வரம்பில்லை, உண்மை. ஆனால் வீடு வாங்கி 1,215 நாள் ஆகாவிட்டால் ஃபெடரல் சட்டம் 2,14,000 டாலரோடு நிறுத்திவிடும் (2025 ஏப்ரல் முதல் இந்தத் தொகை). உங்கள் பங்கு அதற்குள் அடங்குகிறது. மார்ட்கேஜும் சொத்து வரியும் நின்றால் மட்டும் எந்த விலக்கும் காப்பாற்றாது. 401கேயைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பவுன்கணக்கு:
இடிப்பது அந்த 14,000தான். டெக்சாஸ் விலக்குப் பட்டியலில் ரொக்கத்துக்கு இடம் கிடையாது. ஃபெடரல் பட்டியலில் கொஞ்சம் உண்டு, ஆனால் அதை எடுத்தால் வீட்டுக்கு 31,575 டாலர்தான். இரண்டையும் கலக்க முடியாது. மார்ட்கேஜ் தவணை, மளிகை, வக்கீல் ஃபீஸ் என்று நியாயமான செலவில் குறையட்டும், ரசீதை வையுங்கள். மாமனார் போன்ற உறவினரிடம் கைமாற்று வாங்கியிருந்தால் இப்போது திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஓராண்டுக்குள் உறவினருக்குத் திருப்பிக் கொடுத்த கடன் பணத்தை டிரஸ்டி (உங்கள் சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்) அவரிடமே கேட்டு வாங்கலாம்.

கார், சாமான், நகை எல்லாம் சேர்த்துக் குடும்பத்துக்கு 1,00,000. அதில் நகைக்கு 25,000 மட்டும். இன்றைய தங்க விலையில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். கல்யாணத்தில் மனைவிக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவருடைய தனிச்சொத்து, கணக்கில் வராது. ஆனால் டெக்சாஸில் தம்பதி கையில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணப் போட்டோ, பில் எதையாவது தேடி வையுங்கள்.

பட்டாசிட்டா:
நிலத்தைத் தொடவே தொடாதீர்கள். உலகத்தில் எங்கிருந்தாலும் உங்கள் சொத்து மனுவுக்குள் வரும். தஞ்சாவூர் நிலத்துக்கு டெக்சாஸ் விலக்கு இல்லை. சொத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றியது பற்றிப் படிவத்திலேயே கேள்வி உண்டு. ஓராண்டுக்குள் ஏமாற்றும் நோக்கத்தில் மாற்றினீர்கள் என்று ஆனால் கடன் தள்ளுபடியே போய்விடும். மறைத்தால் குற்ற வழக்கு.

பட்டா, வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு, உள்ளூர் நிலவரம் நான்கையும் எடுத்து உண்மை மதிப்பைக் காட்டுங்கள். கூட்டுப் பட்டாவென்றால் உங்கள் பங்கு மட்டும். கடல் தாண்டி நிலம் விற்பது டிரஸ்டிக்கும் தலைவலிதான். நீங்கள் ஒரு தொகை கட்டிவிட்டு, நிலத்தை விட்டுவிடச் சொல்லி அவரிடம் வக்கீல் மூலம் பேசிப் பார்க்கலாம். இன்னொன்று: ஃபைல் பண்ணி 180 நாளுக்குள் ஊரில் வாரிசுச் சொத்து ஏதும் உங்களுக்கு வந்தால் அதையும் அறிவிக்க வேண்டும்.