வாஷிங்டன் ஏரியில் டாப்னியா பெருகியது எதனால்?

நீரோட்டம்:
ஏரியில் பாஸ்பரஸ் மாதிரி உரச்சத்து ஏறினால் விலங்கு மிதவையுயிரிகளில் (தண்ணீரில் மிதந்து வாழும் நுண்விலங்குகள்) பெரியவை குறைந்து, ரோட்டிஃபர், போஸ்மினா மாதிரி பொடிசுகள் பெருகும். சத்தைக் குறைத்தால் டாப்னியா (நீர்த்தெள்ளு) மாதிரி பெரியவை திரும்பி வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியைப் பாருங்க. 1955இல் ஆசிலட்டோரியா என்ற இழைப்பாசி தலைகாட்டியது. 1963 முதல் 1968க்குள், சத்தைக் கொண்டுவந்த கழிவுநீரை வேறு பக்கம் திருப்பினார்கள். 1976இல் டாப்னியா பெருகி, தண்ணீர் இன்னும் தெளிந்தது. வேறென்ன சாட்சி வேணும்?

வலைஞன்:
"திரும்பி" வந்ததா? 1933லயும் 1950லயும் பார்த்தப்பவே அங்கே டாப்னியா அரிது. அப்போ அந்த இழைப்பாசித் தொல்லையே இல்லை! தடுத்தது நியோமைசிஸ். பார்க்க இறால் குஞ்சு மாதிரி இருக்கும், டாப்னியாவைத் தேடித் தின்னும். 1960களின் நடுவில் ஸ்மெல்ட் மீன் பெருகி அதைத் தின்று குறைத்தது. உங்க பாஸ்பரஸ் கணக்கில் இது எங்கே வருது?

நீரோட்டம்:
நியோமைசிஸ் குறைந்தது அறுபதுகளில். டாப்னியா பெருகியது எழுபத்தாறில். பத்து வருஷம் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சா? இழைகள் டாப்னியாவின் வடிகட்டும் கால்களில் சிக்கும். அதை உதறும்போது சேர்த்து வைத்த இரையும் கூடவே போயிடும். இழை ஒழிந்த பிறகுதான் அதுக்கு வயிறு நிறைந்தது.

வலைஞன்:
அந்தப் பத்து வருஷத்துக்கு நீங்க சொல்றது சரி. ஆனா 1933க்கு அது பதில் இல்லையே. பாசியும் போகணும், தின்னியும் போகணும். பாஸ்பரஸ் பாதி வேலையைத்தான் செய்தது.

சேறுதோண்டி:
ரெண்டு பேரும் தலையை மட்டும் எண்றீங்க. ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரிச் சேற்றில் புதைந்திருந்த டாப்னியா ஓய்வுமுட்டைகளை (வருஷக்கணக்கில் பொரிக்காமலே உயிரோடு கிடக்கும் முட்டைகள்) பொரிக்க வைத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வந்தது. சத்து உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்னால் இட்ட முட்டைகளில் பிறந்தவை, நச்சுள்ள நீலப்பச்சைப் பாசி கலந்த தீனியில் வளர்ச்சி குன்றின. பிந்தைய முட்டைகளில் பிறந்தவை அதைத் தாங்கின. பேர் அதே, பிராணி வேற. வருஷக்கணக்கான எண்ணிக்கைப் பட்டியலில் இது தெரியவே தெரியாது.

(இன்னொண்ணு: போஸ்மினா ஓடு சேற்றில் அழியாம நிற்கும். கோப்பிபாட் என்ற இன்னொரு மிதவையுயிரி அநேகமா தடமே விடாது. ஓடுகளை எண்ணி விகிதம் போடறவங்க கவனம்.)

நீரோட்டம்:
அது எனக்குத்தான்னு புரியுது. சேற்று மாதிரியை வைத்து கோப்பிபாட் குறைஞ்சதுன்னு போன வாரம் எழுதினதை எடுத்துடறேன். இழைப்பாசி விஷயத்தில் மட்டும் விட மாட்டேன்.

வலைஞன்:
விடாதீங்க. 1933க்கு பதிலோட வாங்க.