பழைய சிஸ்டத்த வச்சே ஓட்டுறவங்க வாங்க, உங்க கதைய சொல்லுங்க

கொண்டலாம்பட்டி தறிக்காரன்:
நானே ஆரம்பிக்கறேங்க. வீட்டு முன்பக்கம் விசைத்தறி, அதுக்கு அடுத்த ரூம்ல கம்ப்யூட்டர். ஐ3 2120 பிராசசர், ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 2012 வாக்குல வந்த செட்டு. ஜிஎஸ்டி பில்லு, பார்டர் டிசைன், பையன் படிப்பு எல்லாமே அதுலதான். காலைல நல்லா ஓடும், வெயில் ஏறுச்சுன்னா மவுஸ் நகர்றதுக்கே யோசிக்கும். பாத்த கடைக்காரர் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. காலைல இருக்கற போர்டு மத்தியானம் எங்கங்க போகும்? கழட்டிப் பாத்தா பிராசசர் சூட்ட இழுத்து வெளிய தள்ளற ஹீட்சிங்க்கே கண்ணுக்குத் தெரியல, தறிப் பஞ்சு உள்ள போய் மெத்தையா அடைஞ்சு கெடக்குது. சூடு வெளிய போக வழியில்லன்னா பிராசசர் கருகாம இருக்க தன் வேகத்த தானே கொறச்சுக்கும், அவ்ளோதான் சங்கதி. புளோயர் அடிச்சு (அடிக்கறப்ப ஃபேன விரலால புடிச்சுக்கங்க, காத்துல தாறுமாறா சுத்துனா பேரிங் போயிரும்), பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்ட வழிச்சுட்டு புதுசு வச்சேன், 92 டிகிரி காட்டுனது 60 பக்கம் வந்துருச்சு.

அப்புறம்தான் எஸ்எஸ்டி, அதாவது சுத்தற தட்டு இல்லாத சிப்பு டிஸ்க்கு. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு செவப்பா நின்னுச்சுன்னா ரேம் வாங்கி பிரயோஜனம் கம்மி, முதல்ல ஹார்ட் டிஸ்க்க மாத்தணும். ஹெச்61ல டிஸ்க்க சொருகற சாட்டா லைனோட வேகம் பாதிதான், செகண்டுக்கு 500 எம்பி போற எஸ்எஸ்டி இதுல 270 தாண்டாதுன்னு ஒருத்தர் பயமுறுத்துனாரு. அட தாண்டாட்டி போகுது, பழைய டிஸ்க்குல முள்ளு தேடித் தேடி எடுக்கற நேரம்தானே நம்ம உயிர எடுக்குது, எஸ்எஸ்டில அந்தத் தேடலே கெடையாது. எங்க சிஸ்டம் இப்ப டீ ஆத்தி முடிக்கறதுக்குள்ள ஆன் ஆகிருது.

அஸ்தம்பட்டி அக்கா:
எங்க வீட்டுல அம்மா படம் போட்ட கவர்மெண்ட் லேப்டாப், பெரியவன் பிளஸ்டூல வாங்குனது, 2 ஜிபி ரேம். இப்ப சின்னவ தட்டுறா. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னு போச்சு, 11 போடணும்னா இன்டெல்ல 8வது ஜெனரேஷன் வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பு வேணும்ங்கறான். நமக்கு எதுக்கு அந்த வம்புன்னு விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ல லேசான எக்ஸ்எஃப்சிஈ வகைய போட்டோம். டைப்பிங், பிடிஎஃப், தமிழ்99 கீபோர்டு எல்லாம் ஓகே. ஆனா உள்ளதச் சொல்லணும்ல, 2 ஜிபில பிரவுசர்ல அஞ்சாறு டேப் தொறந்தா திணறத்தான் செய்யும், லினக்ஸ் போட்டா பறக்கும்னு சொல்றவங்க பேச்ச அப்படியே நம்பாதீங்க. யூடியூப்தான் ரொம்ப படுத்துச்சு, அதுக்கு ஒரு வழி இருக்கு. இப்ப வீடியோ விபி9, ஏவி1னு புது ஃபார்மட்ல சுருக்கி வருது, பழைய சிப்புக்கு அதப் பிரிச்சுப் பாக்க தனி வசதி கெடையாது, மொத்த பாரமும் பிராசசர் தலைல விழுது. பழைய ஹெச்264 ஃபார்மட்ல மட்டும் குடுன்னு கேக்கற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போட்டு 480ல வச்சா பாடம் விட்டு விட்டு வராம ஓடுது.

ஏற்காட்டுல இருந்து:
உங்களுக்கு வெயிலும் பஞ்சும், எங்களுக்கு பனியும் ஈரமும். மழை மாசத்துல மேகம் நேரா ஜன்னல் வழியா உள்ள வரும், செவுரே வேர்க்கும். எஸ்டேட் கணக்கு போடற டெஸ்க்டாப் ஒரு வாரம் சும்மா கெடந்துச்சுன்னா ஆன் பண்ணதும் பீப் பீப்னு கத்தும், படம் வராது. ரேம் கால்ல பாசி மாதிரி படிஞ்சிருக்கும், பென்சில் ரப்பர் வச்சு தேச்சு, தூள ஊதிட்டு திருப்பி சொருகுனா எந்திரிச்சுரும். இதுக்குப் போய் சிபியுவ தூக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு எறங்கணுமா சொல்லுங்க. வேல இல்லாட்டியும் தெனம் கொஞ்ச நேரம் ஓட விட்டா அந்தச் சூட்டுலயே உள்ள காஞ்சுரும், அதான் இங்க நல்ல மருந்து. இன்னொண்ணு, இங்க கரண்ட் போய்ப் போய் வரும், போர்டுல காசு மாதிரி இருக்க சிஆர்2032 பேட்டரி தீந்திருந்தா ஒவ்வொரு தடவையும் தேதி பழைய வருஷத்துக்குப் போயிரும். தேதி தப்புன்னா பேங்க் சைட்டு எதுவும் தொறக்காது, பாதுகாப்பு இல்லன்னு மெரட்டும். வைரஸ்னு ஃபார்மேட் அடிக்கக் கெளம்பிராதீங்க, அம்பது ரூபா பேட்டரி அது.

செவ்வாப்பேட்டை பிரஸ்:
எங்ககிட்ட இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுதுங்க, சிரிக்காதீங்க. கல்யாணப் பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கர்ங்கற பழைய டிசைன் சாஃப்ட்வேர்ல பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைலு, கல்யாண வீட்டுக்காரங்க அதே மாடல் கேட்டு திரும்ப வருவாங்க, அத வேற எதுல தொறந்தாலும் கட்டம் கட்டமா வருது. 2014ல எக்ஸ்பிக்கு சப்போர்ட் நின்னதும் இன்டர்நெட் ஒயர புடுங்கிட்டோம், பென் டிரைவ் மட்டும் தான், அதுவும் வேற சிஸ்டத்துல ஸ்கேன் பண்ணிட்டு. வேகம்? கோர் 2 டுவோ பிராசசருக்கு எக்ஸ்பி போதாதா என்ன, ஜம்முன்னு இருக்கு. புது சாஃப்ட்வேர ஏத்தி பழசு ஸ்லோன்னு திட்டறதுதான் எனக்குப் புரியல.

கொண்டலாம்பட்டி தறிக்காரன்:
பிரஸ் அண்ணா, ஒரு சந்தேகம். தறி ஸ்டார்ட் பண்ணா எங்க சிஸ்டம் சில நேரம் ரீஸ்டார்ட் ஆகுது. சிஸ்டத்துக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டி செகண்ட் ஹேண்ட்ல முந்நூறு ரூபாய்க்கு கெடைக்குது, மாத்தட்டுமா?

செவ்வாப்பேட்டை பிரஸ்:
தம்பி, ரேம் பழசு வாங்கு, கேபினெட் பழசு வாங்கு, எஸ்எம்பிஎஸ் மட்டும் வேணாம். உள்ள கெப்பாசிட்டர் தலை வீங்கி இருக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியாது, போகறப்ப போர்டையும் உன் எஸ்எஸ்டியவும் சேத்து இழுத்துட்டுப் போகும். முதல்ல தறி மோட்டார் லைனும் இந்த பிளக்கும் ஒரே ஃபேஸான்னு ஒயர்மேன கூப்ட்டுப் பாரு. ஒரே ஃபேஸ்னா மாத்தி வாங்கு, அதுக்கப்புறமும் ரீஸ்டார்ட் ஆச்சுன்னா புது எஸ்எம்பிஎஸ் வாங்கிக்கலாம்.